சிங்கப்பூர் – நியூயார்க் விமானப் பயணம்: தூரம், நேரம், தேதிக் குழப்பம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தங்கை நியூயார்க்கில் குடியேறிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஓயாமல் எழும் கேள்விகள் இவை. அம்மா, சித்தப்பா, முதல் தடவை பறக்கப்போகும் நண்பர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார்கள். இணையத்தில் தேடினால் ஓர் இடத்தில் 15,300 கி.மீ., இன்னோர் இடத்தில் 16,700 கி.மீ.; ஒன்று 17 மணி என்கிறது, இன்னொன்று 19 மணி என்கிறது. எல்லாமே ஒரு வகையில் சரிதான். எது எதற்குச் சரி என்று தெரிந்தால் போதும்.

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நேர் தூரம் எவ்வளவு?

சாங்கியிலிருந்து ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்குச் சுமார் 15,350 கி.மீ. மைலில் சொன்னால் 9,500-க்குக் கொஞ்சம் மேலே. விமானிகள் பேசும் கடல் மைலில் ஏறக்குறைய 8,300 (ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.).

இதை நீங்களே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, ஜே.எஃப்.கே. மேற்கில் 74 பாகையில். இரண்டையும் கூட்டினால் 178. உருண்டையின் சரிபாதி 180 என்பதால் இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கின்றன. அப்படியானால் குறுக்கு வழி வட துருவத்தை ஒட்டித்தான் போயாக வேண்டும். சாங்கி நிலநடுக்கோட்டுக்கு 1.4 பாகை வடக்கே. அங்கிருந்து துருவத்துக்கு 88.6 பாகை. துருவத்திலிருந்து 40.6 பாகையில் இருக்கும் ஜே.எஃப்.கே.வுக்கு இறங்க 49.4 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் 15,318 வருகிறது. கணினி சொல்லும் விடைக்கும் இதற்கும் முப்பது கி.மீ.தான் வித்தியாசம்!

துருவத்தை ஒட்டியா? வரைபடத்தில் அப்படித் தெரியவில்லையே?

சுவரில் மாட்டும் தட்டையான உலக வரைபடம் இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றிவிடும். உருண்டையான பூமியைத் தட்டையாக்கும்போது வடக்கே இருப்பதெல்லாம் இழுபட்டு அகலமாகிவிடுகிறது. அதில் அளவுகோல் வைத்து நேர்கோடு போட்டால் வழி பசிபிக்கையோ ஆப்பிரிக்காவையோ தாண்டிப் போவதுபோல் இருக்கும்.

ஒரு பூகோள உருண்டையும் கொஞ்சம் தையல் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரில் விரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து இறுக்கி இழுங்கள். தொய்வு போகப் போக நூல் தானாகவே வடக்கே வழுக்கிக்கொண்டு ஏறும். சீனா, மங்கோலியா, சைபீரியா, ஆர்க்டிக் பனிக்கடல், கனடா என்று போய் நியூயார்க்கில் இறங்கும். துருவப் புள்ளியிலிருந்து 300 கி.மீ.க்குள் அது கடந்து போவதைப் பார்க்கலாம். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். தூரம் கணக்கிடும் கருவிகள் எல்லாம் காட்டுவது இந்த நூலின் நீளத்தைத்தான்.

அப்படியென்றால் 16,700 கி.மீ. என்ற எண் எங்கிருந்து வந்தது?

2018-இல் நேரடிச் சேவையை மறுபடி தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சொன்ன எண் அது. விமானம் உண்மையில் பறக்கக்கூடிய வழியின் நீளம். நூல் காட்டும் பாதையில் விமானம் அப்படியே போவது அரிது.

அதற்குக் காரணங்கள் பல. வான்வெளி ஒன்று: 2022 முதல் பல விமான நிறுவனங்கள் ரஷ்யாவுக்கு மேலே பறப்பதைத் தவிர்க்கின்றன. சைபீரியாவை விட்டுவிட்டால் நம் நூல் நடுவிலேயே அறுந்துபோகும். புயல், எரிமலைச் சாம்பல், இராணுவப் பயிற்சி நடக்கும் பகுதிகள் என்று அன்றன்றைக்கு வரும் தடைகளும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் காற்று. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

சரி, பயண நேரம் எவ்வளவு?

நேரடி விமானத்தில் பதினெட்டரை மணியிலிருந்து 19 மணிக்குள். கால அட்டவணையில் பெரும்பாலும் 18 மணி 40 நிமிடத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள். பருவத்துக்கும் திசைக்கும் ஏற்ப இது மாறும் என்பதால், உங்கள் பயணத் தேதியைப் போட்டுப் பார்த்து வரும் எண்ணையே நம்புங்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்டவணை நேரம் என்பது விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து அந்தப் பக்கத்து வாயிலில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பிறகு வாயிலுக்கு வருவது எல்லாம் அதற்குள் அடக்கம். காற்றில் இருக்கும் நேரம் அதைவிடக் குறைவு. அதனால்தான் புறப்படத் தாமதமான விமானம்கூடச் சில நாள் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்ச் சேருகிறது.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் போதாதா?

பெரும்பாலான கருவிகள் அதைத்தான் செய்கின்றன. 15,350-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி 3 நிமிடம். அட்டவணையைவிட ஒன்றரை மணிக்கும் மேல் குறைவு! இந்த எண்ணை நம்பி உள்நாட்டு இணைப்பு விமானம் பதிவு செய்துவிட்டுத் தவித்தவர்களை எனக்குத் தெரியும். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. திரையில் அவ்வளவு உறுதியாகத்தான் போட்டிருக்கிறது. திட்டம் போடுவதற்கு அந்த எண்ணை எடுக்காதீர்கள். ஊர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஒரு மதிப்புக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

காற்று அவ்வளவு மாற்றிவிடுமா?

மாற்றிவிடும். விமானம் பறக்கும் உயரத்தில், தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கி.மீ. மேலே, மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று ஆறுபோல் ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் இதன் வேகம் சில இடங்களில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. சாதாரணமாக ஆறு மணிக்கு மேல் ஆகும் வழி அது. இஞ்சின் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. காற்றுதான் முதுகில் கை வைத்துத் தள்ளியது.

இதை நம் பாதைக்குப் போட்டுப் பாருங்கள். 15,350 கி.மீ. குறுக்கு வழியில் மணிக்கு 20 கி.மீ. எதிர்க்காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 880-ஆல் வகுத்தால் 17 மணி 26 நிமிடம். அதே நாளில் ஜப்பான் பக்கமாக வளைந்து பசிபிக்கின் மேல் போனால் தூரம் 16,600 ஆகிறது. ஆனால் சராசரியாக 80 கி.மீ. பின்காற்று கிடைக்கிறது. 980-ஆல் வகுத்தால் 16 மணி 56 நிமிடம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கி.மீ. கூடுதலாகப் பறந்தும் அரை மணி முன்னால் போய்விடலாம். எரிபொருளும் மிச்சம். இவை கணக்குக்காக நான் வைத்த எண்கள்தான். ஆனால் தினமும் வழியைத் தீர்மானிப்பவர்கள் போடும் கணக்கு இதே வகைதான்.

முதல் தடவை நான் போனபோது இருக்கைக்கு முன்னால் இருந்த திரையில் வரைபடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கா "மேற்கத்திய நாடு" என்று சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய மனசு. அந்தக் குட்டி விமானப் படமோ மூக்கை வடகிழக்கே நீட்டிக்கொண்டு தைவானைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது எதிர்க்காற்று என்றால் நிறைய நேரம் ஆகுமே?

வந்த வழியே திரும்பினால் ஆகும். ஆனால் திரும்பும்போதும் கிழக்கு நோக்கியே பறக்கும் நாட்கள் உண்டு. அட்லாண்டிக், ஐரோப்பா, பிறகு ஆசியா என்று வந்து சிங்கப்பூரில் இறங்கும். ஊர்கள் உருண்டையின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால் எந்தப் பக்கம் சுற்றினாலும் தூரம் பெரிதாக மாறுவதில்லை. காற்று எங்கே உதவுகிறதோ அந்தப் பக்கம் போகலாம். அதனால்தான் போக, வர நேரங்கள் பெரிதாக விலகுவதில்லை. போகும்போது பசிபிக், வரும்போது அட்லாண்டிக் என்று அமைந்துவிட்டால், ஒரே போய்வரும் சீட்டில் நீங்கள் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இரண்டு ஊருக்கும் நேர வித்தியாசம் எவ்வளவு?

நியூயார்க்கில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைக்கும் கோடைகால நேரம் நடக்கும்போது 12 மணி. மற்றபடி 13 மணி. சிங்கப்பூர்தான் முன்னால். கோடைகால நேரம் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு தொடங்கி நவம்பரின் முதல் ஞாயிறு முடிகிறது. சிங்கப்பூரில் நேரத்தை மாற்றுவதில்லை.

பன்னிரண்டு மணி வித்தியாசத்தில் ஒரு வசதி இருக்கிறது. முள் கடிகாரம் கட்டியிருந்தால் கோடையில் அதைத் திருப்பவே வேண்டாம். பகல் இரவு மட்டும்தான் மாறும், முள் அதே இடம். அம்மா வீட்டுக் கூடத்தில் ஒரே சுவர்க்கடிகாரம்தான். "இப்ப அங்கே ராத்திரி பத்து, அவ தூங்கப் போயிருப்பா" என்று காலை பத்து மணிக்கு அதைப் பார்த்தே சொல்லிவிடுவார். நவம்பர் வந்தால் மட்டும் ஒரு மணியைக் கழிக்க மறந்து, தங்கை வேலையில் இருக்கும்போது கூப்பிட்டுவிடுவார்.

எந்தத் தேதியில் போய்ச் சேருவேன்?

விமான நிலையத்துக்கு வண்டி ஏற்பாடு செய்யும்போதும் விடுதி பதிவு செய்யும்போதும் தப்பு நடப்பது இங்கேதான். கணக்கு எளிது. புறப்படும் நேரத்தோடு பயண நேரத்தைக் கூட்டுங்கள். அப்புறம் நேர வித்தியாசத்தைச் சரிசெய்யுங்கள்.

குளிர்காலத்தில் திங்கள் இரவு 11.30-க்குச் சிங்கப்பூரை விட்டுக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 18 மணி 40 நிமிடம் கூட்டினால் செவ்வாய் மாலை 6.10. அது சிங்கப்பூர் நேரம். அதில் 13 மணியைக் கழித்தால் நியூயார்க்கில் செவ்வாய் காலை 5.10. இரவு முழுக்கப் பறந்து, ஒரு பகலையும் பறந்தே கழித்து, கடைசியில் மறுநாள் விடியலில் இறங்குகிறீர்கள். பகலில் கிளம்பினால் அதே நாள் மாலையிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம்.

வரும்போது அப்படியே தலைகீழ். திங்கள் காலை 10 மணிக்கு நியூயார்க்கில் ஏறினால் 18 மணி 50 நிமிடம் கழித்து அங்கே செவ்வாய் விடிகாலை 4.50. பதின்மூன்றைக் கூட்டினால் சிங்கப்பூரில் செவ்வாய் மாலை 5.50. ஒரு நாள் எங்கே போனது என்றே தெரியாது. மறுநாளே அலுவலகம் போக வேண்டியவர்கள் இதைக் கணக்கில் வைத்துச் சீட்டு எடுங்கள்.

நடுவில் தேதிக்கோட்டைத் தாண்டினால் இன்னொரு நாளைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டுமா?

வேண்டாம். நேர வித்தியாசத்திலேயே அது அடங்கிவிட்டது.

நேரடி விமானத்தில் இகானமி இருக்கை உண்டா?

இல்லை. பலருக்கு இது தெரியாமல் தேடித் தேடி அலுத்துப்போகிறார்கள். இந்த வழிக்கென்றே வந்த ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர். (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) விமானத்தில் 161 இருக்கைகள்தான். பிசினஸ் 67, பிரீமியம் இகானமி (பிசினஸுக்கும் இகானமிக்கும் நடுவில் உள்ள வகுப்பு) 94. சாதாரண ஏ350-900 விமானம் வேறு வழிகளில் 250-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது.

காரணம் எடை. இதன் தொட்டிகள் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். ஒரு லிட்டர் ஏறக்குறைய 0.8 கிலோ, தொட்டி நிறைந்தால் 130 டன்னுக்கு மேல். விமானம் மொத்தமாக எழும்பக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன். அதாவது தரையை விட்டு எழும்பும் எடையில் பாதிக்கு நெருக்கமாக எரிபொருளே இருக்கலாம். முதல் சில மணி நேரம் எரியும் எரிபொருளில் ஒரு நல்ல பங்கு, கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளைச் சுமக்கவே செலவாகிறது. அந்த நிலையில் ஆளைக் குறைக்காமல் முடியாது. முன்பக்கச் சரக்கு அறையைக்கூடப் பயன்படுத்துவதில்லை.

அப்போது இகானமியில் போவது எப்படி?

வழியில் ஓர் ஊரில் இறங்கித்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸே ஃபிராங்க்ஃபர்ட் வழியாக ஒரு சேவை வைத்திருக்கிறது: சிங்கப்பூரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10,300 கி.மீ., அங்கிருந்து ஜே.எஃப்.கே. 6,200 கி.மீ., ஆக 16,500. நடுவில் நிற்பதையும் சேர்த்தால் 24 மணியை ஒட்டும். டோக்கியோ, ஹாங்காங், தோஹா, துபாய், லண்டன் வழியாகவும் மற்ற நிறுவனங்களில் போகலாம். டிரான்சிட் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து 22 மணியிலிருந்து 30 மணிக்கு மேலும் போகும்.

என்னைக் கேட்டால், வயதானவர்களுக்கும் சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி இறங்கி நடப்பது நல்லதுதான். ஒரு மணி நேரத்துக்குள் மாற வேண்டிய டிரான்சிட்டை மட்டும் எடுக்காதீர்கள். முதல் விமானம் கொஞ்சம் பிந்தினாலும் முழுப் பயணமும் குலைந்துவிடும். இரண்டு விமானத்தையும் ஒரே பதிவில் எடுத்தால் அப்படிக் குலையும்போது அடுத்ததில் ஏற்றிவிட வேண்டிய பொறுப்பு அவர்களுடையது; தனித்தனியாக எடுத்தால் அது உங்கள் தலையில்.

ஜே.எஃப்.கே.வா, நியூவர்க்கா?

நியூவர்க் என்பது பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் இருக்கும் விமான நிலையம். இரண்டுக்கும் நேரடி விமானம் உண்டு, தூரமும் கிட்டத்தட்ட ஒன்றே. குவீன்ஸ், புரூக்ளின், லாங் ஐலண்ட் போகிறவர்களுக்கு ஜே.எஃப்.கே. நியூ ஜெர்சியில் உறவினர் இருந்தால் நியூவர்க். மான்ஹாட்டனுக்கு எதிலிருந்தும் ரயிலில் போய்விடலாம்.

இந்த நேரடிச் சேவை எப்போதிலிருந்து இருக்கிறது?

2004 ஜூனில் நியூவர்க்குக்கு முதலில் தொடங்கினார்கள், நான்கு இஞ்சின் கொண்ட ஏ340-500 விமானத்தில். 2008-இல் அதை நூறே இருக்கைகள் கொண்ட முழு பிசினஸ் வகுப்பு விமானமாக மாற்றிப் பார்த்தார்கள். நான்கு இஞ்சின் குடிக்கும் எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2018 அக்டோபரில் இரண்டு இஞ்சின் ஏ350 வந்த பிறகுதான் மீண்டும் தொடங்கியது. 2020 நவம்பரில் ஜே.எஃப்.கே.வும் சேர்ந்துகொண்டது. பயணிகளுக்கான நேரடிச் சேவைகளில் உலகிலேயே மிக நீளமானது இப்போது இந்த ஜே.எஃப்.கே. வழிதான்.

பசிபிக் நடுவில் ஓர் இஞ்சின் நின்றுவிட்டால்?

அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்கும் கேள்வி. ஏ350 ஒற்றை இஞ்சினிலும் பறக்கும். அவசரத்துக்கு இறங்கும் விமான நிலையம் ஒற்றை இஞ்சின் வேகத்தில் 370 நிமிடப் பயணத் தொலைவு வரை இருக்கலாம் என்று இந்த ரகத்துக்குச் சான்று கொடுத்திருக்கிறார்கள். அதோடு, ஜப்பான், அலாஸ்கா, கனடா என்று வழி நெடுகவே பெரிய விமான நிலையங்கள் இருக்கின்றன.

விமானிகள் 18 மணி நேரமும் விழித்திருப்பார்களா?

இல்லை. நான்கு விமானிகள் போவார்கள். இருவர் ஓட்டும்போது மற்ற இருவர் தங்களுக்கென்று இருக்கும் படுக்கை அறையில் தூங்குவார்கள். பணிப்பெண்களுக்கும் பணியாளர்களுக்கும் அதேபோல் முறை வைத்து ஓய்வு உண்டு.

இவ்வளவு நேரம் உட்கார்ந்தால் உடம்பு தாங்குமா?

நான்கு மணிக்கு மேற்பட்ட பயணங்களில் கால் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. எல்லோருக்கும் வருவதில்லை, ஆனால் அலட்சியம் வேண்டாம். இரண்டு மணிக்கு ஒருமுறையாவது எழுந்து விமானத்தின் கடைசி வரை நடந்து வாருங்கள். உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுங்கள். அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், முன்பு இரத்தக்கட்டி வந்தவர்கள் டாக்டரைப் பார்க்காமல் சீட்டு எடுக்க வேண்டாம்.

ஏ350-இல் உள்ளே காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்குச் சமமாக இருக்கும். பழைய விமானங்களில் 8,000 அடி வரை போகும். அதனால் தலைவலி கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் காற்று வறண்டுதான் இருக்கும். உதட்டுக்குத் தடவ ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடியுங்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைப் பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையில் வையுங்கள். எந்த ஊர் நேரப்படி எப்போது சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் நடு வானில் குழம்ப வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது மிக முக்கியம்.

ஜெட் லாக் எத்தனை நாள் இருக்கும்?

பகலும் இரவும் முழுக்கத் தலைகீழாக மாறுகிற பயணம் இது. பன்னிரண்டு மணியைவிடப் பெரிய மாற்றம் உடம்புக்குக் கிடையாது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் உடம்பு தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பது பொதுவான கணக்கு. எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. போன முதல் நாள் பகலில் வெயிலில் நடப்பது நிஜமாகவே உதவுகிறது. மாலை நான்கு மணிக்குக் கண் சொருகும்போது "பத்து நிமிஷம்" என்று படுத்தால் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும், அப்புறம் தூக்கமே கிடையாது. ஒரு கல்யாணத்துக்கோ நேர்காணலுக்கோ போகிறீர்கள் என்றால் குறைந்தது மூன்று நாள் முன்னதாகப் போய்விடுங்கள்.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு மொத்தம் எவ்வளவு?

நேரடி விமானத்துக்கே ஒரு நாள் முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். சாங்கிக்கு மூன்று மணி முன்னால் போக வேண்டும். பறப்பதும் ஊர்வதும் பத்தொன்பது மணி. அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை அங்கே இறங்கிய பிறகுதான் நடக்கும். வரிசை நீளமாக இருந்தால் ஒரு மணி, சில நாள் அதற்கும் மேல். பெட்டி, சுங்கம், ஊருக்குள் போகும் வழியில் நெரிசல் என்று இன்னும் ஒன்றிரண்டு மணி. தங்கை என்னை அழைத்துப்போக வரும்போது, விமானம் தரையிறங்கி ஒன்றரை மணி கழித்து வந்தால் போதும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இந்த நேரம் இனிமேல் குறையுமா?

பக்கத்தில் இல்லை. இப்போதைய பயணிகள் விமானங்கள் ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தை ஒட்டித்தான் பறக்கின்றன. அதைக் கூட்டினால் எரிபொருள் கடுமையாக ஏறும். விமான நிறுவனங்கள் வேகத்தைக் கூட்டுவதைவிட நிற்காமல் போகும் தூரத்தைக் கூட்டத்தான் முயல்கின்றன. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ், சிட்னியிலிருந்து லண்டனுக்கு 17,000 கி.மீ. பாதையில் நேராகப் பறக்க ஏ350-1000 ரகத்தில் கூடுதல் தொட்டி வைத்த விமானங்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறது. அது ஓடத் தொடங்கினால் முதலிடம் சிட்னிக்குப் போய்விடும். நம் பாதை அதே பதினெட்டே முக்கால் மணிதான்.